காற்று உள்ளே போன மத்தியானம்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். மைசூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஐசியூ நர்ஸ், எத்தனையோ சாவைப் பக்கத்தில் நின்று பார்த்தவள், ஒரு தடவைகூட எதுவும் என் காதில் வந்து பேசியதில்லை. அன்றைக்குப் பேசியது. நீங்கள் சிரித்தாலும் சரி.

மத்தியானம் நானும் கூட வேலை பார்க்கிற ஷோபாவும் சாப்பிட உட்கார்ந்தோம். டப்பாவைத் திறக்கிறேன், தோளுக்குப் பக்கத்தில் ஒரு ஆண் குரல், "அம்மிணி, காத்து உள்ள போவுது." அறையில் ஆண்பிள்ளை யாரும் இல்லை. போட்டது போட்டபடி ஓடினேன், ஷோபாவும் ஓடிவந்தாள். எந்தக் கட்டில் என்று குரல் சொல்லவில்லை, நம்புங்கள், நேராகக் கடைசி அறைக்குத்தான் போனேன்.

அங்கே இருந்தவர் தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கிற கௌதள்ளியிலிருந்து வந்த தமிழ் விவசாயி. மருந்து ஏற்றக் கழுத்து ரத்தக்குழாயில் டியூப் போட்டிருந்தது. மனிதர் எழுந்து உட்கார்ந்ததில் அதன் மூடி கழன்று, மூச்சை இழுக்க இழுக்க உஸ்ஸென்று காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. உதடு நீலம், மூச்சுத் திணறல், பிரஷர் இறங்குகிறது. இதயத்தில் காற்று அடைத்தால் ஆள் நிமிஷத்தில் போய்விடுவார்.

முதலில் டியூபை கிளாம்ப் போட்டு மூடினேன். "ஷோபா, ஆக்ஸிஜன் ஃபுல்!" என்று கத்திக்கொண்டே அவரை இடது பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்து, கட்டிலின் தலைப்பக்கத்தைக் கீழே இறக்கினேன். அப்படிப் படுத்தால் காற்று ரத்தம் போகிற வழியை அடைக்காமல் இதயத்தின் ஒரு மூலையிலேயே நிற்கும்.

வாசலில் அவர் மனைவி, "ஏனுங் சிஸ்டர், எங்கூட்டுக்காரருக்கு என்னாச்சுங்?"

"ஒண்ணும் ஆகாதுங்க்கா, நான் இருக்கேன்" என்றேன். எங்கிருந்து வந்த தைரியமோ.

டாக்டர் ஓடிவந்து அந்த டியூப் வழியாகவே காற்றை சிரிஞ்சில் இழுத்தார், ரத்தம் நுரை நுரையாக வந்தது. பிழைத்துவிட்டார். "இது சிஸ்டர் காப்பாற்றிய உயிர்" என்று டாக்டர் எல்லோர் முன்னாலும் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை, வீட்டுக்குப் போகையில் பஸ்ஸில் முன்பின் தெரியாதவரிடம்கூடச் சொல்லிவிடலாம் போலிருந்தது. இன்றைக்கும் அந்தப் பெருமை குறையவில்லை.

தேறியதும் அவரிடம் கேட்டேன், "நீங்கதானே என்னைக் கூப்பிட்டீங்க?"

"மூச்சே வுட முடியலீங் அம்மிணி, நானெங்கீங் கூப்புடறது?"

சரி, பிரமை என்று விட்டிருப்பேன். ஷோபாவிடம், நான் ஓடியதைப் பார்த்துத்தானே நீயும் வந்தாய் என்று கேட்டது தப்பாகப் போயிற்று. இல்லை அக்கா, எனக்கும்தான் கேட்டதே என்றாள். அவளுக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. அவள் காதில் அந்தக் குரல், "காளி ஒளகெ ஹோக்தா இதெ" என்றதாம். காற்று உள்ளே போகிறது என்று, சுத்தமான கன்னடத்தில்.