பாதி மாமாவும் ஏறுகிற மீட்டரும்

என் அம்மாவின் அண்ணனை நாங்கள் பாதி மாமா என்றுதான் சொல்வோம். ஆள் என்னவோ முழு ஆள்தான். வாசலில் குனிந்துதான் உள்ளே வருவார். யார் எதைச் சொன்னாலும் பாதியைக் கழித்துவிட்டு மீதியைத்தான் காதில் வாங்குவார், அதனால் அந்தப் பெயர். அறுபது சதவீதம் தள்ளுபடி என்றால், "முப்பதுன்னு வச்சுக்க" என்பார். நான் பரீட்சையில் தொண்ணூறு வாங்கிய அன்று அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் நான் மன்னிக்கவில்லை.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை, வேலை அப்படி. எடை அளவு இன்ஸ்பெக்டர். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பெட்ரோல் பங்கில் போய் நிற்பார். தன்னுடைய அளவுக் கேனில் பெட்ரோலைப் பிடிக்கச் சொல்லி, கழுத்தில் இருக்கும் கோட்டைக் குனிந்து பார்ப்பார். குறைந்தால் பம்புக்கு சீல். மீட்டர் ஓடும், கேன் நிறையாது. இதையே வாழ்க்கை முழுக்கப் பார்த்த மனிதர். போதாததற்கு, ஆசைப்பட்டு வாங்கிய டீசல் கார் கம்பெனி சொன்ன மைலேஜில் பாதிதான் கொடுத்தது. கேட்கப் போனால், ஓட்டுகிற விதம் சரியில்லை என்று அவரையே குறை சொன்னார்கள். சூடு கண்ட பூனை ஆகிவிட்டார். அதற்குப் பிறகு கார் விளம்பரம் வந்தாலே டிவியை அணைத்துவிடுவார்.

இந்த லட்சணத்தில் நான் ஒரு எலக்ட்ரிக் கார் வாங்கினேன்.

பார்க்க வந்தவர் ஓர் இடத்தில் நிற்கவில்லை. வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார், உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார்.

"நூறுன்னு காட்டுதே, எதுல நூறு?"

"சார்ஜ் மாமா. பேட்டரி ஃபுல்லுன்னு அர்த்தம்."

"அத அவன் சொல்றான். கேன்ல பிடிச்சுப் பாக்க முடியாத ஒண்ண அளந்து விக்கறான், நீயும் வாங்கிட்டு வந்திருக்க."

கம்பெனி சொன்ன தூரத்தில் எனக்கு முக்கால்தான் வந்தது, அதையும் உளறிவிட்டேன். மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "முக்கால்ங்கறியா? மலை ஏறினா பாதி." என் ஆபீஸிலும் அதே பாட்டுத்தான். பேட்டரி சீக்கிரம் செத்துவிடும் என்பார் ஒருவர். டீ குடிக்கும் நேரத்தில் சார்ஜ் ஏறுகிற வண்டி அடுத்த வருஷம் வருமாம் என்பார் இன்னொருவர். எல்லா வருஷமும் அது அடுத்த வருஷம்தான் வருகிறது. நம்பு என்று நான் யாரிடம் போய்ச் சொல்வது?

அப்போதுதான் மாமாவின் மனைவி, எங்கள் அத்தையின் அக்காவுக்கு இதயத்தில் ஆபரேஷன் என்று செய்தி வந்தது. தாயில்லாத வீட்டில் அத்தைக்குத் தலைவாரி, சோறூட்டி வளர்த்தவர் அந்த அக்கா. இருப்பது மலைமேல் ஊர், ஆஸ்பத்திரியும் அங்கேயே. ஆபரேஷனுக்கு முதல் நாள் போனில் அத்தையிடம், "மத்தியானம் உள்ள கூட்டிட்டுப் போயிடுவாங்கடி. அதுக்கு முன்னாடி உன் மூஞ்சியப் பாத்துட்டா எனக்கு தைரியமா இருக்கும்" என்றாராம். மாமாவின் டீசல் கார் ஒர்க்‌ஷாப்பில் எஞ்சின் பிரித்துக் கிடந்தது. எனக்கு லீவு கிடைக்கவில்லை. முழுக்க சார்ஜ் போட்டு என் காரின் சாவியைக் கொடுத்தேன்.

நடந்ததை அத்தை பிற்பாடு சொன்னார். ஏறியதுமே மாமா ஏசியை அணைத்தார். காற்று எதிர்க்கும் என்று ஜன்னலையும் ஏற்றினார். அத்தை கைப்பையால் விசிறிக்கொண்டே வந்தார். மாமாவின் கண் பாதையில் பாதி, மீட்டரில் பாதி. ஏற்றத்தில் எண் சரசரவென்று இறங்கியது. முதல் மலையைத் தாண்டியதும் பாதை பள்ளத்தாக்கில் இறங்கி, அப்புறம் மறுபடி ஏறும். அந்த இறக்கத்தில் எண் கூட ஆரம்பித்தது.

மாமா வண்டியை ஓரம் கட்டினார். மீட்டர் பின்னால் ஓடினால் அவருடைய வேலையில் ஒரே அர்த்தம்தான்: எவனோ அதைத் திறந்து கைவைத்திருக்கிறான். எனக்குப் போன் செய்தார்.

"ஓடற வண்டியில சார்ஜ் கூடுதுடி. திருட்டு மீட்டர்!"

"இல்ல மாமா, இறக்கத்துல சக்கரம் சுத்துறதே கரண்ட் எடுத்துக் குடுக்கும். கம்பெனியே சொல்லியிருக்கான்."

"கம்பெனியே சொல்லிட்டானா? அப்ப சரிதான்." போன் வைக்கப்பட்டது. கம்பெனி பேரை நான் எடுத்திருக்கவே கூடாது.

"போயிடலாங்க, நின்னா பாத்துக்கலாம்" என்று அத்தை கெஞ்சியிருக்கிறார்.

"நடுமலையில நின்னா நம்மள ஏத்திக்க எவன் வருவான்? அப்புறம் உங்கக்காவப் பாத்த மாதிரிதான். வந்த வழியே கீழ ஊருக்குப் போய் டாக்ஸி பிடிச்சு உன்னக் கொண்டுபோய்ச் சேத்துடறேன்."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். வண்டியைத் திருப்பிவிட்டார். டாக்ஸி கிடைத்து, மலை ஏறி, அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது கட்டில் காலி. "தங்கச்சி வந்தாச்சான்னு கேட்டுக்கிட்டே உள்ள போனாங்க" என்றார் நர்ஸ். அக்கா கண் விழிக்கவேயில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு மாமா என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. சாவியைக் கேட்டு நின்றபடியே கை நீட்டினார். "ஒரு தடவ போய்ப் பாத்துடணும்." நானும் கூடப் போனேன். அதே பாதை, அதே போல ஏசி இல்லை. அன்று திரும்பிய இடம் வந்தது, அவர் நிறுத்தவில்லை. இறக்கத்தில் எண் ஏறியது. கடைசி ஏற்றமும் முடிந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது, பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு அப்படியே மிச்சம் இருந்தது.

மாமா அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஸ்டீயரிங்கை ஓங்கி அடித்தார். "இத்தன வருஷமா பொய்யாச் சொன்னீங்களேடா! இத மட்டும் ஏன்டா உண்மையாச் சொன்னீங்க?"

எனக்கும் ஆத்திரம் தாங்கவில்லை. மாமா மேலா, கம்பெனிக்காரன் மேலா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாமல் அழுதேன்.

வீடு திரும்பியபோது அத்தை துணி மடித்துக்கொண்டிருந்தார். மாமா எதிரே போய் நின்றார்.

"வண்டி போய்ச் சேந்துடுச்சு. அன்னிக்கு நான் நம்பியிருந்தா நீ அவளப் பாத்திருப்ப. தப்பு என்னோடதுதான். மன்னிச்சுடு."

அத்தை கையிலிருந்த துணியை மடித்து முடித்தார். தலை நிமிரவில்லை.

"நீங்க சொல்றதுல நானும் பாதியத்தான் எடுத்துக்கணுமா?"