யாரும் பார்க்காத நேரலை

பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு போட்டோகொப்பிக் கடையில் வேலை செய்கிறேன். வார இறுதிகளில் நான் பெண்கள் கிரிக்கெட் ஒளிபரப்பாளர். அந்த இரண்டாவது வேலைக்கு என்னை நியமித்தது நானேதான். ஒரு போன், ஒரு முக்காலி, ஒரு பவர் பேங்க், பேஸ்புக்கில் ஒரு பக்கம். இவ்வளவுதான் என் ஊடக நிறுவனம்.

இது கோபத்தில் ஆரம்பித்த காரியம். நாட்டின் பெண்கள் அணி ஒரு பெரிய வெற்றி பெற்ற மறுநாள், கடைக்கு வந்த பத்திரிகையை மூன்று தடவை புரட்டினேன். ஆண்கள் அணியில் ஒருவருக்கு முழங்கால் வலியாம், அதற்கு அரைப் பக்கம். பெண்கள் வென்றதற்கு நான்கு வரி. எனக்குச் சும்மாவே மூக்கு நுனியில் கோபம். நாமே போடுவோம் என்று அன்றைக்கே பக்கத்தைத் திறந்துவிட்டேன்.

திறந்த பிறகுதான் தெரிந்தது, கத்திப் பேசுவதற்குக் கோபம் போதும், கேட்பதற்கு ஆள் வேண்டும் என்று. நேர்முக வர்ணனை இரண்டு பேர் மாறி மாறிச் செய்ய வேண்டிய வேலை. ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர் பேசுவார். எனக்கு மற்றவர் இல்லை. பந்து எடுக்க ஓடுகிற நேரம், களத்தடுப்பை மாற்றுகிற நேரம், மழைக்கு ஒதுங்குகிற நேரம், எல்லாவற்றையும் நானே பேசி நிரப்ப வேண்டும். திரையின் மூலையில் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற எண் தெரியும். ஏழு, ஒன்பது, பிறகு ஐந்து. அதில் ஒன்று, சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க நானே திறந்து வைத்திருக்கும் பழைய போன்.

வாடகை அறையிலும் தனிதான். மேட்ச் பார்க்கும்போது அவுட்டா இல்லையா என்று சண்டை பிடிக்கக்கூடப் பக்கத்தில் ஆள் கிடையாது. அதனால் ஒரு கெட்ட பழக்கம் வந்துவிட்டது. மனதில் வருவதெல்லாம் வாயிலும் வரும். யார் கேட்கப் போகிறார்கள் என்ற தைரியம்.

லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பெண்கள் அணியைத்தான் அதிகமாகக் காட்டினேன். அதில் ஒரு பிள்ளை வேகப்பந்து போடுவாள். பத்தொன்பது வயது. வாரம் முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டு வந்து, எட்டு ஓவர் மூச்சு வாங்காமல் போடுவாள். ஓடிவரும்போது முகத்தில் ஒரு கடுப்பு இருக்கும், அது எனக்கு ரொம்பப் பிடிக்கும். மாகாண அணித் தெரிவுக்கு ஆள் பார்க்கும் ஒருவரிடம் அவளைப் பற்றி நச்சரித்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவர் சலித்துப்போய், "இந்த மாசத்து மேட்ச்ல பந்து போடுற வீடியோ ஒன்று அனுப்புங்க, பழசு வேணாம், பார்த்துவிட்டுக் கூப்பிடுறேன். மாத முடிவுக்குள் வேணும்" என்றார். மாத முடிவுக்குள் அவர்களுக்கு ஒரே ஒரு மேட்ச்தான் இருந்தது, பதுளையில்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் ஒரு பஸ்ஸில் வந்தார்கள். அவள் மட்டும் அடுத்த பஸ்ஸில், சால்வையால் தலையை மூடிக்கொண்டு வந்தாள். ஏன் தனியாக வருகிறாய் என்று கேட்டேன்.

"பெரகலப் பக்கம் எங்க பெரியப்பா தவறிட்டாருக்கா. இன்னிக்குப் பதினோராம் நாளு. வீட்டுல தீட்டு. எங்கயும் போகக் கூடாது. இங்க வந்தது அப்பாவுக்குக்கூடத் தெரியாது."

தோட்டத்தில் மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள். விக்கெட் கீப்பர் பிள்ளை பால்குடம் எடுக்க நேர்ந்திருந்தாள். அவள் கையுறைக்குள்ளே மஞ்சள் காப்பு இருந்தது. காப்புக் கட்டியவளைத் தீட்டுக்காரி தொடக்கூடாது. கருமாதி முடியும்வரை பங்காளி வீட்டார் கோயில் பக்கமே போக மாட்டார்கள். இதெல்லாம் அந்தப் பதினொரு பேருக்கும் தெரியும். தெரிந்தே பேசி முடிவெடுத்துத்தான் வந்திருந்தார்கள்.

"லைவுல தெரிஞ்சிராதா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"தூரத்துல இருந்து கட்டவிரல் அளவுதான் தெரிவோம். அக்காவோட லைவ யாரு பாக்குறா?" என்றாள் விக்கெட் கீப்பர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

போனில் இடம் இல்லாததால் தனியாகப் பதிவு செய்யவில்லை. நேரலை முடிந்ததும் அது பக்கத்திலேயே கிடக்கும், அதை அனுப்பிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அவள் முதல் ஓவரிலேயே ஒரு விக்கெட் எடுத்தாள். மூன்றாவது ஓவரில் இன்னொன்று. பந்து வேலிக்கு அப்பால் போய்விட்டது, தேடிக்கொண்டிருந்தார்கள். பேச ஒன்றும் மிச்சமில்லை. வாய் தானாகத் திறந்தது.

"பாருங்க நேயர்களே, இந்தப் பிள்ளையோட பெரியப்பா இறந்து இன்னும் பதினாறு நாள் ஆகல. வீட்டுல தீட்டு. அதையும் மீறி இன்னிக்கு வந்து பந்து போடுறாங்கன்னா, விளையாட்டு மேல எவ்வளவு ஆசை இருக்கும்னு பாத்துக்குங்க."

கொழும்பிலிருந்து வந்த நிருபர் ஒருவர் இப்படிச் சொல்லியிருந்தால் மன்னிக்கலாம். நான் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் பிறந்தவள். தீட்டு என்றால் என்னவென்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எண் பதினைந்தானது. பிறகு நாற்பது. அந்தத் தோட்டத்திலிருந்து போய்க் கொழும்பில் வேலை செய்யும் யாரோ, நேரலையைத் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார். அது எனக்குத் தெரியாது. நம் குரலுக்கும் ஆள் வந்துவிட்டார்கள் என்று உள்ளம் குளிர்ந்துபோனேன். நூறைத் தாண்டியபோது, புதிதாக வந்தவர்களுக்காக அதே கதையை இன்னொரு தடவை, இன்னும் உருக்கமாகச் சொன்னேன். என் மேல் எனக்கு இன்றும் ஆறாத கோபம் அந்த இரண்டாவது தடவைக்குத்தான்.

அவள் நான்கு விக்கெட் எடுத்தாள். ஒவ்வொன்றுக்கும் விக்கெட் கீப்பர் ஓடிவந்து அவளைக் கட்டிப்பிடித்தாள். அதையும் சொன்னேன்.

அவர்கள் திரும்பிப் போனபோது கோயில் முன்னால் ஆட்கள் கூடி நின்றார்களாம். கீப்பர் பிள்ளையின் காப்பை அறுத்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, பால்குடம் இந்த வருடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பந்து வீசிய பிள்ளையின் அப்பா கோயில் கமிட்டியில் இருந்தவர். எல்லோர் முன்னாலும் கைகட்டி நிற்க வேண்டியதாகிவிட்டது. போனில் எனக்கு இதைச் சொன்ன அணிப் பிள்ளை கடைசியில், "ஏங்கக்கா சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

வீடியோவுக்குக் கீழே திட்டிக்கொண்டிருந்தார்கள். அவளையும், அவள் அப்பாவையும். இதை இல்லாமல் செய்துவிட்டால் எல்லாம் அடங்கிவிடும் என்று தோன்றியது. அழித்தேன். நிரந்தரமாக அழிக்கவா என்று கேட்டது, ஆம் என்று அதையும் அழுத்தினேன். ஒரு வாரம் யாரும் என்னோடு பேசவில்லை. நானும் கடையில் பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டு அறைக்கு வந்து படுத்துக்கொண்டேன். இவ்வளவு நாளும் தனிமை என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது தனிமையே இல்லை. அப்போது எனக்கு அவர்கள் பதினொரு பேர் இருந்தார்கள்.

கருமாதி முடிந்து மூன்றாம் நாள், வருவது வரட்டும் என்று தோட்டத்துக்கு பஸ் ஏறினேன். திட்டு வாங்கத்தான் போனேன். அவள் அப்பா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். தேத்தண்ணி வந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீங்க பொய்யா சொன்னீங்க? நடந்ததத்தானே சொன்னீங்க. கோயில்ல தப்புக்கு மன்னிப்புக் கேட்டு, பரிகாரம் செஞ்சாச்சு. அம்மா ஏத்துக்குவா." தேத்தண்ணியை என் பக்கம் நகர்த்தினார். "செத்துப்போன எங்கண்ணனுக்கு இவ பந்து போடுறது ரொம்பப் பிரியம். இனித் தீட்டும் இல்ல. அந்தத் தெரிவுக்காரருக்கு வீடியோவ அனுப்பிருங்கம்மா. எடுத்தாங்கன்னா போகட்டும்."

தேத்தண்ணியைக் கீழே வைத்தேன். மாதம் முடிய இரண்டு நாள் இருந்தது. விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு முதலில் விளங்கவில்லை. அழித்ததை மறுபடி எடுக்க முடியாதா என்று இரண்டு தடவை கேட்டார். முடியாது என்றேன். வாசலில் போய் நின்று தெரிவுக்காரருக்கு அழைத்தேன். மேட்ச் வீடியோ இல்லாமல் பெயரைச் சேர்க்க முடியாது, அடுத்த வருடம் பார்ப்போம் என்றார். அடுத்த வருடம் என்றால் இருபது வயது. அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

அவள் என்னோடு பஸ் நிறுத்தம்வரை வந்தாள். பஸ் வளைவில் வரும் சத்தம் கேட்டபோது கேட்டாள்.

"அந்த மூணாவது விக்கெட்டு எப்படிக்கா விழுந்துச்சு? பந்தப் போட்டதும் நான் கால் வழுக்கிக் குப்புற விழுந்துட்டேன். சத்தந்தான் கேட்டுச்சு. வீடியோவுல பாத்துக்கலாம்னு இருந்தேன்."

அந்தப் பந்து போன நேரம் நான் மைதானத்தைப் பார்க்கவில்லை. எண் நூற்றைம்பதைத் தொடப்போகிறது என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கூச்சல் கேட்டுத்தான் விக்கெட் என்று நானும் கத்தினேன். நடு ஸ்டம்ப் பறந்தது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவள் சந்தோஷப்பட்டிருப்பாள்.

"நானும் பாக்கலம்மா" என்றேன்.

பஸ்ஸுக்குக் கை காட்டியவள் என் பக்கம் திரும்பினாள்.

"நீங்களுமாக்கா?" என்றாள்.