பதினோராம் ஸ்லைடு

இதை நம்புங்கள் என்று யாரையும் நான் கட்டாயப்படுத்தப் போவதில்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான். இதைச் சொன்ன அன்னக்கிளி, சாமியாடி எலுமிச்சம்பழம் கொடுத்தால் அதைப் பிழிந்து சர்பத் போட்டுக் குடிக்கிற ரகம். கண்ணால் பார்த்ததை மட்டுமே எழுத வேண்டும் என்பது அவள் பிழைப்பு. அதுவும் வெறும் கண்ணால் அல்ல, மைக்ராஸ்கோப் வழியாக. அப்படிப்பட்டவள் இந்தக் கதையைச் சொல்லும்போது மட்டும் இரண்டு கைகளையும் மடியில் இறுக்கிக் கோத்துக்கொள்வாள்.

1974. குன்னூர் ரயில் நிலையத்துக்கு மேலே, மேட்டில் இருந்த ஒரு பழைய பங்களாவில் பல்கலைக்கழகம் ஒன்று ஆராய்ச்சிக்கூடம் நடத்தி வந்தது. சிலோன் தோட்டங்களிலிருந்து கப்பலேறி வந்து, நீலகிரித் தோட்டங்களில் குடியேறியவர்களிடம் காசநோய் எவ்வளவு இருக்கிறது என்று கண்டறிவதுதான் அங்கே வேலை. அன்னக்கிளி எம்.எஸ்ஸி. முடித்த கையோடு அதில் சேர்ந்தாள். இது பிசகில்லாமல் முடிந்தால் பி.எச்டி.க்குப் பதிவு செய்துவிடலாம் என்று பேராசிரியர் கருணாகரன் சொல்லியிருந்தார்.

அவளும் அதே கப்பலில் வந்தவள்தான். அறுபத்தெட்டில் வந்தார்கள். அம்மா ராக்கம்மா, தங்கை பொன்னாயி, இவள். அப்பா அங்கேயே மண்ணாகிவிட்டார். வந்த மூன்றாம் வருஷம் பொன்னாயியும் போய்விட்டாள். பதினாறு வயது. மார்ச்சளி என்றார்கள். கடைசி நாட்களில் நெஞ்சு நிறைய யூக்கலிப்டஸ் தைலம் தேய்த்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தே தூங்குவாளாம். அன்னக்கிளி அப்போது கோயம்புத்தூரில் காலேஜ் விடுதியில் இருந்தாள். லீவில் வரும்போதெல்லாம் தங்கைக்காரி கேட்பது ஒரே கேள்விதான்.

"அக்கா, அந்த மிசினுல கண்ண வச்சா என்னாக்கா தெரியும்?"

"ஒரு நா கூட்டிட்டுப் போயிக் காட்டுறேன்டி."

காட்டவே இல்லை. நாள் கிடக்கிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம்.

மிஞ்சியது அம்மா ஒருத்தி. அவளும் இருமிக்கொண்டிருந்தாள். கேட்டால், "மல குளிருடி, எல்லாரும்தான் இருமுறாங்க" என்பாள். சளியைப் பரிசோதித்து, அதில் கிருமி இல்லை என்று தெரிந்தால்தான் அன்னக்கிளிக்கு உயிர் வரும்.

லயங்களில் சளி வாங்குவது லேசான காரியம் இல்லை. வரிசையாகக் கட்டிய அந்த ஒற்றை அறை வீடுகளில் ஒரு வழக்கம் இருந்தது. சீக்கு என்று எழுதிவிட்டால் தோட்டத்தில் பேர் வெட்டிவிடுவார்கள், வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள் என்று பயம். அதனால் குடும்பத்தில் இருமல் இல்லாத ஒருத்தர் எல்லோருடைய டப்பாவிலும் துப்பிக் கொடுத்துவிடுவார். இது தெரிந்துதான் கருணாகரன் முதல் நாளே கறாராகச் சொன்னார். "உங்க கண் முன்னால துப்பினாத்தான் டப்பாவை வாங்கணும்."

அன்னக்கிளி அப்படியே செய்தாள். கிழவர்களை அதட்டினாள். பிள்ளைகளுக்கு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தாள். ஒரே ஒரு டப்பாவை மட்டும் முந்தின ராத்திரியே வீட்டில் வைத்துவிட்டு, "காலையில எந்திரிச்சதும் துப்பி வச்சிரும்மா" என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டாள். சொந்த அம்மாவை யாராவது காவல் காப்பார்களா?

அந்த டப்பாவிலிருந்து பூசியதுதான் பதினோராம் ஸ்லைடு.

ஸ்லைடுகளைப் பூசுவதும் சாயம் ஏற்றுவதும் சில்வஸ்டர் வேலை. குன்னூர்க்காரர், நிதானமான மனுஷர். பார்ப்பது அன்னக்கிளி வேலை. அதற்கென்று ஓர் இருட்டறை இருந்தது. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. நடுவில் புதிதாக வந்த மைக்ராஸ்கோப். சாயம் ஏற்றிய ஸ்லைடின் மேல் அதன் பாதரச விளக்கின் நீல ஒளி பட்டால், கிருமிகள் இருட்டில் மஞ்சளாக மின்னும்; மற்றதெல்லாம் மங்கலாகத்தான் தெரியும். அந்த விளக்கு கொஞ்சம் அடம்பிடிக்கும். ஒரு தடவை அணைத்தால் நன்றாக ஆறும் வரை மறுபடி பற்றாது. பார்ப்பதற்கு முன்னால் கண் இருட்டுக்குப் பழக வேண்டும். அதற்காகக் கதவைச் சாத்திக்கொண்டு, விளக்கின் வாயை மூடி வைத்து, கும்மிருட்டில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும்.

பதினோராம் ஸ்லைடைப் பார்த்தாள். ஒரு மஞ்சள் பொட்டுகூட இல்லை. 'கிருமி இல்லை' என்று எழுதினாள். எழுதும்போதே அழுதுவிட்டாள். சந்தோஷத்தில் அதற்கு மேல் எதையும் பார்க்கத் தோன்றவில்லை.

மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்தாள். வெளியே மூடுபனி ஜன்னல் வரை ஏறியிருந்தது. இருட்டறைப் பூட்டைத் திறந்து, மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். கண் பொருந்தவில்லை.

பார்க்கும் குழாய்கள் இரண்டும் நெருங்கியிருந்தன. ஒவ்வொருவர் முகத்துக்கும் ஓர் அகலம் உண்டு. அதற்குத் தக்கபடி அந்தக் குழாய்களை விலக்கி வைத்துக்கொள்வார்கள். இது அவள் வைத்த அகலம் இல்லை. யாரோ சின்ன முகக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள்.

விளக்குக் கூண்டைத் தொட்டாள். சுட்டது. அவள் அதை அணைத்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

ஸ்லைடு ஒன்று தட்டில் இருந்தது. பதினொன்று.

"சில்வஸ்டர், உள்ள யாராச்சும் போனாங்களா?"

"ஏனுங்க அம்மணி, சாவி உங்ககிட்டத்தானுங்க இருக்குது!"

சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது. மறதியாக இருக்கும் என்று தன்னையே திட்டிக்கொண்டு ஸ்லைடைப் பெட்டியில் வைத்தாள்.

அதற்கடுத்த நாளும் குழாய்கள் நெருங்கியிருந்தன. விளக்குச் சூடு ஆறவில்லை. பதினொன்று தட்டில் இருந்தது. இந்தத் தடவை இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. குழாய்க் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. குளிர்காலத்தில் முகத்தை வைத்து மூச்சு விட்டால் படியுமே, அந்த ஆவி. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்திலிருந்து மெல்ல மறைந்தது.

அறையில் யூக்கலிப்டஸ் தைல வாசனை அடித்தது. நீலகிரியில் அந்த வாசனை அடிக்காத இடம் எது என்று கேட்பீர்கள். அவளும் அப்படித்தான் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் அவள் சாப்பிடப் போகவில்லை. யார் வருகிறார்கள் என்று பார்த்துவிடுவது என்று முடிவு. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். விளக்கைப் பற்றவைத்து, அதன் வாயை மூடினாள். ஸ்லைடு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மூலையில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் ஸ்டூல் காலியாக இருந்தது.

இருட்டு. கீழே ஸ்டேஷனில் மலை ரயில் ஊதியது. சக்கரச் சத்தம் மெல்ல மேட்டுப்பாளையம் பக்கம் இறங்கிப் போனது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

ஸ்டூல் நகர்ந்தது.

கால் கல்தரையில் உரசுகிற சத்தம். கொஞ்சம்தான். யாரோ இழுத்துப் போட்டு உட்கார்ந்த மாதிரி.

பிறகு… இருமல்.

அடக்கி அடக்கி இருமுகிற இருமல். பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக் கேட்கக் கூடாது என்று வாயைத் துணியால் பொத்திக்கொண்டு இருமுவார்களே, அது.

தைல வாசனை.

க்ளிக்.

விளக்கின் வாய் திறந்தது. நீல வெளிச்சம் தட்டின் மேல் விழுந்தது. தட்டில் ஸ்லைடு இருந்தது. அவள் மடியில் பெட்டி மூடியபடியே இருந்தது.

கிரிக்… கிரிக்…

தட்டை நகர்த்துகிற திருகு. தானாகத் திரும்பியது.

அன்னக்கிளிக்கு ஓடத்தான் தோன்றியது. ஆனால் அந்த இருமல் மறுபடி கேட்டதும், பயத்தையும் மீறி நெஞ்சு உருகிவிட்டது. எழுந்தாள். ஸ்டூலுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். குழாய்களை விலக்கவில்லை. குனிந்து, ஒற்றைக் கண்ணை மட்டும் வைத்தாள்.

கண்ணாடி வெதுவெதுப்பாக இருந்தது.

கறுப்பு.

கிரிக்… அடுத்த இடம். கறுப்பு.

கிரிக்… கறுப்பு.

கிரிக்…

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கிருமி இல்லாத ஸ்லைடு அவள் எத்தனையோ பார்த்திருக்கிறாள். எதுவும் இப்படி இருக்காது. மனுஷ வாயிலிருந்து வந்த சளி என்றால் வாய்த்தோல் துணுக்கு, தூசி, ஏதாவது மங்கலாகத் தெரியும். அம்மாவோ நாள் முழுக்க வெற்றிலை மெல்லுகிறவள். வெற்றிலை நாராவது தெரிந்திருக்கும். இதில் அதுகூட இல்லை. ஒன்றுமே இல்லை. உயிருள்ள எதுவும் தொட்ட அடையாளமே அந்தக் கண்ணாடியில் இல்லை.

இது அம்மாவுடையது இல்லை.

"பொன்னாயி…" என்றாள்.

திருகு நின்றது.

தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு வெளியே வந்து விழுந்தவளைச் சில்வஸ்டர்தான் தூக்கிவிட்டார். பதினோராம் ஸ்லைடை உண்மையிலேயே பூசினீர்களா என்று கேட்டாள்.

"பொய் சொல்லுவனுங்களா? டப்பாவுல எச்சில் இருந்துதுங்க. நாந்தான் பூசுனேன். டப்பாதான் கையில பிடிக்க முடியாத சில்லுப்பா இருந்துதுங்க."

அடுத்த பஸ்ஸைப் பிடித்துத் தோட்டத்துக்குப் போனாள். ராக்கம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, டப்பாவுல துப்புனது யாரு?"

"நாந்தேன்."

"நீ இல்ல."

ராக்கம்மா ஊதுகுழலைக் கீழே வைத்தாள். "சீக்குன்னு எழுதுனா பேர வெட்டிருவாங்கடி. இந்த லயத்துக் காம்பராவ விட்டு எறக்கிட்டா எங்க போறது? மறுக்கா கப்பலுக்கா?"

"யாரும்மா துப்புனது?"

"லயத்துப் புள்ள ஒண்ணு. காலையில பைப்படியில நின்னுச்சி. கேட்டேன். குடுத்துச்சி."

மறுநாள் தன் கண் முன்னால் அம்மாவைத் துப்ப வைத்தாள். இருட்டறையில் பார்த்தாள். பார்த்த இடமெல்லாம் மஞ்சள். அந்தக் குழாயில் கண்ணை வைத்தபடியே அன்னக்கிளி விம்மி அழுதாள். இன்னும் ஒரு மழைக்காலம் விட்டிருந்தால் அம்மாவும் இல்லை.

கருணாகரனிடம் பேயைப் பற்றிச் சொல்லவில்லை. மற்றதை மறைக்காமல் சொன்னாள்.

"எத்தனை வீட்டுல டப்பாவை ராத்திரியே வச்சுட்டு வந்தீங்க?"

"ஒரு வீடுதான் சார்."

"உங்க வீடு."

"ஆமா சார்."

"மொத்தத் தோட்டத்துக்கும் திரும்ப எடுங்க."

எடுத்தாள். பி.எச்டி. ஒரு வருஷம் தள்ளிப்போனது. ராக்கம்மாவுக்கு ஒன்றரை வருஷம் ஊசியும் மாத்திரையும் ஓடியது. பேரையும் வெட்டவில்லை, வீட்டை விட்டும் இறக்கவில்லை. இத்தனை நாள் பயந்து செத்ததுதான் மிச்சம். இருட்டறையில் அதற்குப் பிறகு எந்தச் சத்தமும் இல்லை. ஆனாலும் அன்னக்கிளி அந்த வேலையில் இருந்த வரைக்கும், மத்தியானம் சாப்பிடப் போகும்போது குழாய்கள் இரண்டையும் நெருக்கி வைத்துவிட்டுத்தான் போவாள். தட்டில் பார்ப்பதற்கு அழகாக ஒரு ஸ்லைடு இருக்கும். பூவின் மகரந்தம், தும்பியின் இறகு, ஏதாவது ஒன்று.

ஊசியெல்லாம் முடிந்து, உடம்பு தேறிய பிறகு ஒரு நாள் ராக்கம்மா தானாகவே பேச்சை எடுத்தாள். கையில் கொட்டைப்பாக்கு. வெட்டாமல் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"கப்பல விட்டு எறங்குனதும் முகாமுல சளி எடுத்தாங்கல்ல. அப்பவும் எனக்கு இருமல்தான். பிரிச்சி வச்சிருவாங்கன்னு பயந்துக்கிட்டு, என் டப்பாவுலயும் பொன்னாயியத் துப்பச் சொன்னேன். துப்பிக் குடுத்தா. அப்பறம் எங்கிட்டருந்துதான்டி அவளுக்கு வந்திருக்கு. நாந்தேன் குடுத்திருக்கேன்."

அன்னக்கிளி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கிப் பைப்படியில நின்னுச்சே அந்தப் புள்ள… யாருன்னு நீ அப்பறம் கேக்கவே இல்லையே?"

"யாரும்மா?"

"ஒரே பனி. கம்பளிய முக்காடு போட்டிருந்துச்சி. மொகம் தெரியல. டப்பாவ நீட்டுனேன். வாங்கித் துப்பிட்டுத் திருப்பிக் குடுத்துச்சி. வெளிய சொன்னா மறுக்கா வராதோன்னு நானும் இத்தன நாளா வாயத் தொறக்கல."

ராக்கம்மா பாக்கை உருட்டுவதை நிறுத்தினாள்.

"குடுக்கும்போது ஒண்ணு கேட்டுச்சிடி. 'இந்த வாட்டியும் நாந்தானாம்மா?'ன்னு."