நண்டு என்று ஒரு மிட்ஃபீல்டர்

1. வெள்ளை மானிட்டர்

அந்தச் சனிக்கிழமை என் மானிட்டர் முழுக்க வெள்ளை. ஜெர்மனியின் ஐந்தாம் டிவிஷன் ஃபுட்பால், ஏதோ ஒரு சின்ன ஊர் மைதானம். பனிமூட்டத்துக்குள் இரண்டு டீமும் ஓடிக்கொண்டிருந்தன. நான் துபாய் அல் கூஸில், டயர் கோடவுனுக்கு மேலே எங்கள் ஆபீஸில் உட்கார்ந்து அவர்களுடைய ஒவ்வொரு பாஸையும் டேக் பண்ண வேண்டும். யார் கொடுத்தது, யார் வாங்கியது, அவ்வளவுதான் வேலை. ஜெர்ஸி நம்பர் தெரியாவிட்டால் ‘அன்நோன்’ பட்டன். அன்றைக்கு அந்தப் பட்டன்தான் தேய்ந்தது.

பக்கத்து சீட் சாகுல் சாவகாசமாகச் சொன்னான்: “நண்டு மறுபடியும் பக்கவாட்டுலயே போறான் பாரு.”

“எவன்டா நண்டு?”

“ஆறாம் நம்பர். பந்து கிடைச்சா முன்னால போகவே மாட்டான்.”

“நம்பரே தெரியலையேடா.”

“நம்பரை எவன் பார்த்தான்? நான் கீழக்கரைக்காரன் மாப்ள. எங்க தெருவுல மட்டும் ஏழெட்டு சாகுல். பட்டப்பேர் இல்லன்னா போஸ்ட்மேன் செத்தான்.”

“உன் பட்டப்பேர் என்ன?”

“வேலையைப் பாரு.”

செகண்ட் ஹாஃபில் மூட்டம் விலகியது. நண்டின் முதுகில் ஆறு. எனக்குப் பொறி தட்டியது அப்போதுதான். ஒருத்தனுக்கு எதற்கு? இந்த லீகுக்கே பட்டப்பேர் வைத்தால் என்ன?

2. ஓட்டத்துக்குத்தான் பேர்

விளையாட்டுக்காக யோசிக்கவில்லை. அந்த வாரம்தான் மேனேஜர் பிரேம் சார் எங்களைக் கூப்பிட்டிருந்தார்.

“அன்நோன் ஜாஸ்தின்னு கிளையன்ட் கொதிக்கிறான்பா. விண்டர் பிரேக்குன்னு டிசம்பர்ல லீக் நிக்கிறதுக்குள்ள குறையலன்னா இந்த லீகை வேற டீமுக்குக் குடுத்துடுவாங்க. உங்க ரெண்டு பேர் விசாவும் இந்த புராஜெக்ட்லதான் இருக்கு. அப்புறம் கலாஸ், ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.”

முதலில் நான் ‘மொட்டை’, ‘குண்டன்’ என்று ஆரம்பித்தேன். சாகுல் நிறுத்தினான். “பனில மொட்டை தெரியுமா? ஓடுற விதத்துக்குப் பேர் வைடா.” ஆக, குதித்துக் குதித்து ஓடுபவன் தவக்களை. பந்து வருவதற்குள் மூன்று தடவை திரும்பிப் பார்ப்பவன் கடன்காரன். டேக் பண்ணும் சாஃப்ட்வேரில் நோட்ஸ் என்று சும்மா கிடந்த கட்டத்தில் இங்கிலீஷ் எழுத்தில் Nandu, Thavakkalai என்று அடித்துவைத்தோம். சேறு, மழை, மூட்டம் எது வந்தாலும் பேர் முதலில் வாயில் வந்தது, நம்பர் பின்னாலேயே வந்தது. வாரத்துக்கு வாரம் அன்நோன் இறங்கியது.

3. ஃபைல் போய்விட்டது

விண்டர் பிரேக்குக்கு முந்தின மேட்ச். கிளையன்ட்டுக்கு ஃபைலை எக்ஸ்போர்ட் பண்ணும்போது நோட்ஸ் கட்டமும் சேர்ந்து போய்விட்டது. கிளையன்ட் ஆபீஸில் அதை அப்படியே நண்டு விளையாடும் கிளப்புக்கு அனுப்பிவிட்டார்கள். திங்கட்கிழமை வீடியோ கால். பிரேம் சார் முகத்தில் ஈயாடவில்லை.

கிளையன்ட் ஆபீஸ் அம்மா இங்கிலீஷில் நேராகக் கேட்டார்: “கோச் கேக்குறார். ‘நண்டு’ன்னா என்ன?”

சாகுல் என் காலை மிதித்தான். எனக்கு வாய் சும்மா இருக்காது. “கிராப், மேடம். பக்கவாட்டுலயே போறதால.”

 அந்த அம்மா சிரித்துவிட்டார். “கோச் இதைத்தான் ரெண்டு வருஷமா அந்தப் பையன்கிட்ட சொல்லிட்டிருக்காராம். சரி, மத்தவங்களுக்கு என்ன பேர்?”

லீக் எங்களிடமே நின்றது. பிரேம் சார் வெளியே வந்ததும், “இனிமே எதை அனுப்பினாலும் எனக்குக் காட்டிட்டு அனுப்புங்கடா” என்றார். அவ்வளவுதான் திட்டு.

ஆனால் பிரேக் முடிந்து நண்டு நேராகப் பாஸ் கொடுக்க ஆரம்பித்துவிட்டான். பழைய பேரை நம்பி, சேற்றில் அவனை வேறு ஆள் என்று டேக் பண்ணினோம். எங்கள் டேக்கை மறுபடி சரிபார்க்கும் க்யூசியில் அது மாட்டியது. நாம் வைத்த பேர் அப்படியே நிற்கும், ஆள் மாறிவிடுவான். இந்த வேலையில் நான் கற்றது இதுதான். புதிதாக இதற்கு வருகிறவர்களுக்கும் இதையே சொல்வேன்.

வரும் சீசனில் ஜெர்மனியிலேயே பக்கத்து மாநிலத்து லீகும் எங்களுக்குத்தான். அத்தனை பேரும் புது ஆட்கள். நானும் சாகுலும் தனித்தனியாக உட்கார்ந்து பேர் வைக்கப்போகிறோம். இரண்டு பேரும் ஒரே விதமாகச் சொன்னால்தான் அது செல்லும். மாதம் ஒரு தடவை மறுபடியும் வைப்போம்.

“ஒத்துப்போகலன்னா?” என்றார் பிரேம் சார்.

“ரெண்டு பேர்ல ஒருத்தன் அந்த ஆளைச் சரியாப் பார்க்கலைன்னு அர்த்தம் சார். மறுபடி பார்ப்போம்.”