வயிறு வைத்த கோடு

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பத்ரிநாத் சாரின் கோல்ஃப் பந்தின் மேலிருந்த கறுப்பு மைக் கோட்டுக்கு நடுவில் வயிறு வைத்திருந்தது. அதைப் பார்த்ததும் முனியப்பன் மனசுக்குள் சாரைத்தான் திட்டினார். பெரிய உத்தியோகம் பார்த்து ரிடையர் ஆன மனுஷருக்கு ஒரு பந்தின் மேல் ஒழுங்காகக் கோடு கிழிக்கத் தெரியவில்லையே என்று.

முனியப்பன் ஜீவனஹள்ளிக்காரர். கோல்ஃப் கிளப்பில் கேடி வேலை. ஆடுகிறவரின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கூடவே நடப்பது, அடித்த பந்து எந்தப் புதரில் போய் விழுந்தது என்று பார்த்துவைப்பது, மனசாட்சியை ஓரமாக வைத்துவிட்டு ‘நல்ல ஷாட் சார்’ என்று சொல்வது, எல்லாம் அந்த வேலையில் அடக்கம். கல்யாணத்துக்கு முன்னாலேயே சேர்ந்தவர். இப்போது தலை நரைத்துவிட்டது, சர்க்கரையும் வந்துவிட்டது. ஞாபகம் இருக்கிற நாளில் மாத்திரை போடுவார்.

குழியைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டி மழமழவென்று வைத்திருப்பார்களே, அதற்குப் பெயர் கிரீன். ஓங்கி அடிக்கிற ஜம்பமெல்லாம் அங்கே செல்லாது. பந்தை மெல்லத் தட்டி உருட்டத்தான் வேண்டும். திசை தப்பாமல் இருக்கப் பந்தின் மேலேயே மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்வார்கள். பந்து போகவேண்டிய வழியை அந்தக் கோடு காட்டும்படி வைத்துவிட்டால், கோட்டோடு கோடாகத் தட்டினால் போதும். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு பத்ரிநாத் சாரால் குனிய முடியாது. அதனால் பந்து கிடந்த இடத்தில் அடையாளத்துக்கு ஒரு காசை வைத்து, பந்தை எடுத்துத் துடைத்து, கோட்டைத் திருப்பி வைக்கிற பொறுப்பு முனியப்பனுடையதாகிவிட்டது. குந்தி உட்கார்ந்து, இடது கண்ணை மூடி, வலது கண்ணால் பார்த்து வைப்பார். பிறகு எழுந்து ஓரமாக நகர்வார்.

“நேரா இருக்கா, முனியப்பா?”

“நேரா இருக்கு சார். தட்டுங்க.”

இந்தக் கேள்வியும் பதிலும் இல்லாமல் சார் மட்டையை அசைக்க மாட்டார். ராசி என்று நினைத்தாரோ, பழக்கமோ, யாருக்குத் தெரியும்.

அன்றைக்கு ஆட்டம் முடிந்ததும் முனியப்பன் பையிலிருந்த மற்றப் பந்துகளையும் எடுத்து அதே மாதிரி ஒற்றைக் கண்ணால் பார்த்தார். எல்லாக் கோட்டுக்கும் வயிறு. பந்தின் மேல் மாட்டிக் கோடு போடுவதற்கென்று சார் வைத்திருந்த பிளாஸ்டிக் மூடியைப் பார்த்தார். அதன் நடுவிலிருந்த நீளத் துளையும் வளைந்திருந்தது. கார் டிக்கியில் கிடந்து வெயிலில் நெளிந்துவிட்டது என்று தீர்ப்பு எழுதிவிட்டார். கொரோனா காலத்தில் வாங்கிய சானிடைசர் வீட்டில் அரை பாட்டில் கிடந்தது. பந்துகளைக் கொண்டுபோய்த் துடைத்தால் மை போய்விட்டது. மூடியே வேண்டாம் என்று, வலது கண்ணால் பார்த்துப் பார்த்து, வெறுங்கையால் ஒவ்வொரு பந்திலும் கோடு போட்டார். ஒவ்வொன்றும் நூல் பிடித்த மாதிரி இருந்தது. சார் பார்த்தால் என்ன சொல்வார் என்று நினைத்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டார்.

சார் சொன்னார். அடுத்த ஆட்டத்தன்று, கிளப் வாசலை ஒட்டிய பயிற்சி கிரீனில். கேடிகளை மேய்க்கிற கேடி மாஸ்டர் டென்சிலும் டீ கிளாஸோடு பக்கத்தில் நின்றிருந்தார்.

“யாருப்பா போட்டது இது?” சார் பந்தை விரலில் உருட்டினார். “வாழைப்பழம் மாதிரி இருக்கு.”

டென்சில் வாங்கிப் பார்த்தார். “இன்னா முனியப்பா, காலைலயே ஊத்திக்கினு வந்துட்டியா? ஃபுல் பெண்டு, மேன்!”

முனியப்பனும் வழக்கம்போல் இடது கண்ணை மூடிப் பார்த்தார். கோடு நேராகத்தான் இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு விளையாடுகிறார்களோ என்றுகூட நினைத்தார். ஆனால் சார் விளையாடுகிற ஆள் இல்லை. சார் அந்தப் பந்தைப் பையின் ஓரப் பாக்கெட்டில் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்துத் துடைத்து, மூடியை மாட்டி மார்க்கரை இழுத்தார். முனியப்பன் மறுபடியும் இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். மார்க்கர் நேராகப் புறப்பட்டது, நடுவில் வளைந்தது, பிறகு வழிக்கு வந்தது.

“இப்பப் பாரு. எவ்வளவு நேரா இருக்கு” என்றார் சார்.

முனியப்பன் பந்திலிருந்து கண்ணை எடுத்தார். “அவசரத்துல போட்டுட்டேன் சார். கை நடுங்கிடுச்சி” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் வாசல் கதவின் நிலைச்சட்டத்துக்கு எதிரே நின்றார். இரண்டு கண்ணாலும் பார்த்தால் நிலை நேராக இருந்தது. வலது கண்ணை மூடினால் நேராக இருந்தது. இடது கண்ணை மூடியதும் நிலை நடுவில் நெளிந்தது. இரண்டும் திறந்திருக்கும்வரை ஒன்றின் தப்பை இன்னொன்று மறைத்து வைத்திருக்கிறது. திரும்பத் திரும்ப மூடித் திறந்து பார்த்தார், ஏதோ ஒரு தடவையாவது சரியாகிவிடும் என்பது போல.

மனைவி காந்தா தையல் மிஷினிலிருந்து நிமிர்ந்தாள். “இன்னாய்யா, கதவைப் பாத்துக் கண்ணடிச்சிக்கினு நிக்கிற?”

“தூசி.”

“தண்ணி அடிச்சிக் கழுவு.”

கழுவினார். தூசியாக இருந்தால்தானே போகும்.

அன்றிலிருந்து பயம் அவரோடு குடித்தனம் நடத்த ஆரம்பித்தது. குருடாகிவிடுவோமோ என்பது ஒன்று. நாராயணசாமி மாதிரி ஆகிவிடுவோமோ என்பது இன்னொன்று. நாராயணசாமியும் அதே கிளப்பில் கேடியாக இருந்தவர்தான். பார்வை மங்கி, அடித்த பந்தைக் கோட்டைவிட ஆரம்பித்தார். அவரை யாரும் போகச் சொல்லவில்லை. கூப்பிடவில்லை, அவ்வளவுதான். காலையில் வந்து கேடிகள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். வெயில் ஏறியதும் எழுந்து வீட்டுக்குப் போவார். டென்சில் அவருக்கு டீ வாங்கிக் கொடுப்பார், பை கொடுக்க மாட்டார். அந்தப் பெஞ்சைத் தாண்டும்போதெல்லாம் முனியப்பனுக்கு இப்போது கால் தானாக வேகம் எடுத்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம்தான். ஆனால் டீக்கடைக்காரர் தன் மச்சானுக்கு நடந்ததை யாரும் கேட்காமலேயே சொல்லியிருந்தார். சர்க்கரை கண்ணுக்கு ஏறிடுச்சாம். கண்ணுக்குள்ளயே ஊசி குத்தினாங்களாம். மயக்கமும் கொடுக்காம, முழிச்சிக்கினு இருக்கும்போதே. அதைக் கேட்ட அன்று முனியப்பன் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு வந்தார். மகள் ஷில்பா காதுகுத்தில் அலறியபோது கடைத்தெருப் பக்கம் ஓடிப்போன தகப்பன் அவர்.

ஆகவே ஒரு தந்திரம் செய்தார். இடது கண்ணால் பார்த்துக் கோடு வைத்தார். இத்தனை வருஷம் சும்மா மூடிக்கொண்டு படுத்திருந்த கண்ணுக்குத் திடீரென்று வேலை கொடுத்தால் அது என்ன செய்யும்? கோடு ஒரு நாள் இடப்பக்கம் ஒதுங்கியது, ஒரு நாள் வலப்பக்கம். பந்துகள் குழியின் விளிம்பை விசாரித்துவிட்டுத் தாண்டிப் போயின. “நேரா இருக்கு சார்” என்று மட்டும் வாய் தவறாமல் சொல்லிக்கொண்டிருந்தது.

சார் ஒரு நாளும் அவரைச் சந்தேகப்படவில்லை. புது மட்டை வாங்கிப் பார்த்தார். பிடியை மாற்றிப் பார்த்தார். ஒரு நாள் பந்து குழியைத் தொடாமல் போனதும் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கையில ஒண்ணும் இல்லப்பா இனிமே. வயசாயிடுச்சு. அடுத்த வாரப் போட்டியோட நிறுத்திடலாம்னு பாக்கறேன்.”

“சேச்சே, இன்னா சார் நீங்க” என்றார் முனியப்பன். நல்ல கையைக் கெட்ட கை என்று நம்பவைத்துவிட்டோமே என்று குறுகிப்போனார். ஆனாலும் சொல்லவில்லை. வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது.

போட்டி வந்தது. சாரும் ஒரு சிநேகிதரும் ஒரு ஜோடி. மழை மூட்டமான காலை. எப்படியோ உருண்டு புரண்டு கடைசி கிரீன்வரை வந்துவிட்டார்கள். பந்து குழிக்கு ஒரு கட்டில் நீளம்கூட இல்லாத தூரத்தில் கிடந்தது. சார் அதைப் போட்டுவிட்டால் ஜெயிப்பு. சுற்றிலும் ஆட்கள் கூடிவிட்டார்கள். டென்சிலும் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

முனியப்பன் குந்தி உட்கார்ந்தார். இடது கண்ணால் பார்த்துக் கோட்டை வைத்தார். சரியாகத்தான் இருக்கிறதா? நம்பிக்கை வரவில்லை. பழைய கண்ணால் ஒரே ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று இடது கண்ணை மூடினார்.

குழியைக் காணோம். குழி இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு. தலையை நகர்த்தினார், திட்டும் கூடவே நகர்ந்தது. சுற்றிலும் புல் தெரிந்தது, குழிக் கொடியைப் பிடித்து நின்றவரின் கால் தெரிந்தது, நடுவில் மட்டும் ஒன்றுமில்லை. எழுந்திருக்கவே பயந்துபோய் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“முனியப்பா? நேரா இருக்கா?”

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நேரா இருக்கு சார். தட்டுங்க.”

சார் தட்டினார். பந்து கோடு சொன்ன வழியில் சமர்த்தாக உருண்டு, குழிக்கு ஒரு சாண் விலகிப் போய் நின்றது. யாரோ உச்சுக்கொட்டினார்கள். இந்தத் தடவை சார் தன் கையைப் பார்க்கவில்லை. முனியப்பனைப் பார்த்தார்.

கார் நிறுத்துகிற இடத்தில் முனியப்பன் பையை டிக்கியில் வைத்துவிட்டு நழுவப் பார்த்தார். சார் கூப்பிட்டார். பையின் ஓரப் பாக்கெட்டிலிருந்து ஒரு பந்தையும் பைக்குள்ளிருந்து ஒரு பந்தையும் எடுத்து டிக்கி ஓரத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“இதுல எது நேர்கோடு? சொல்லு.”

கோடு என்றதும் இடது கண் தானாக மூடிக்கொண்டது. அத்தனை வருஷப் பழக்கம். திட்டுக்கு ஓரமாக, தலையைச் சாய்த்துப் பார்த்தார். ஒன்று வளைந்திருந்தது, ஒன்று நேராக இருந்தது. நேராக இருந்ததைத் தொட்டுக் காட்டினார்.

“இது நீ போட்டதுப்பா. அன்னிக்கு வாழைப்பழம்னு சொன்னேனே, அது.”

முனியப்பன் டிக்கியைப் பிடித்துக்கொண்டார். “சார், டென்சில்கிட்ட மட்டும் சொல்லாதீங்க சார். உங்க காலைப் புடிச்சிக் கேக்கறேன்.”

“எத்தனை நாளா இப்படி?”

முனியப்பனுக்கு அழுகை வந்தது.

சார் இரண்டு பந்துகளையும் எடுத்துப் பைக்குள் எறிந்தார். கோபம் இருந்தது, முகத்தில் தெரிந்தது. “நான் என் கையைத் திட்டிண்டு இருந்தேன்யா. நிறுத்திடலாம்னு வீட்ல சொல்லியாச்சு” என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “டென்சில்கிட்ட சொல்லலை. ஆனா நாளைக்கு நீ கண் ஆஸ்பத்திரிக்குப் போகலைன்னா சொல்லுவேன். பந்தை நான் எப்படியாவது வெச்சுக்கறேன். நீ பையைத் தூக்கிண்டு வா, போதும்” என்றார்.

அன்று வீட்டில் காந்தாவிடம் சொன்னார். அவள் திட்டவில்லை. வெட்டிக்கொண்டிருந்த துணியை அப்படியே சுருட்டி வைத்துவிட்டு, “நானும் வரேன்” என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு உட்காரவைத்தார்கள். வரிசையில் ஒருவர் ஒரு கண்ணில் கட்டோடு வெளியே வந்தார். முனியப்பன் சட்டென்று எழுந்தார். காந்தா சட்டை நுனியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

டாக்டர் அம்ருதா சின்ன வயசு. கன்னடமும் தமிழும் கலந்து பேசினார். ஓர் அட்டையை நீட்டினார். அதில் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடிக் கட்டம் கட்டமாக இருந்தன. இடது கண்ணைக் கையால் மூடிக்கொள்ளச் சொன்னார்.

“நடுவுல புள்ளியைப் பாருங்க. கோடெல்லாம் நேரா இருக்கா?”

அச்சடித்த அட்டை. கோடுகள் நேராகத்தான் இருக்க வேண்டும் என்று முனியப்பனுக்குத் தெரியும். சரியான பதிலும் தெரியும். நாக்கு நுனியில் வந்து நின்றது அது. சொல்லிவிட்டால் ஊசி இல்லை. எழுந்து வீட்டுக்குப் போகலாம். நாளைக்குப் பையைத் தூக்கலாம். ஆனால் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் அந்தச் சாம்பல் திட்டு உட்கார்ந்துகொண்டு அவரையே பார்த்தது. இதையும் ‘நேரா இருக்கு’ என்று சொன்னால் அப்புறம் ‘நேரா இருக்கா’ என்று கேட்க ஆளே இருக்காது என்று தோன்றியது.

“இல்ல மேடம்” என்றார். “வளைஞ்சிருக்கு. நடுவுல ஒண்ணுமே தெரியல.”

டாக்டர் தலையை ஆட்டினார். ஸ்கேன் எடுத்தார்கள். சர்க்கரையால் கண்ணுக்குள் பின்பக்கத்தில் நீர் கோத்திருக்கிறது, இன்றைக்கே ஊசி போட ஆரம்பிக்க வேண்டும், இன்னும் தள்ளிப்போட்டால் போனது போனதுதான் என்றார் டாக்டர்.

“போட்டா கோடு நேராயிடுமா மேடம்?”

“முழுசா நேராகும்னு சொல்லமாட்டேன். இதுக்கு மேல போகாம பிடிச்சுக்கலாம். கொஞ்சம் திரும்பியும் வரலாம்.”

பச்சைத் துணி போர்த்திப் படுக்கவைத்தார்கள். கண்ணில் மரத்துப்போகிற மருந்து விட்டார்கள். இமையை ஏதோ ஒன்று இழுத்துப் பிடித்துக்கொண்டது. மூட நினைத்தும் மூட முடியவில்லை. காந்தாவை உள்ளே விடவில்லை. முனியப்பன் இரண்டு கையாலும் படுக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“மேல பாருங்க. தலையை ஆட்டக்கூடாது, என்ன?”

ஆயிரம் தடவை அவர் மற்றவர்களுக்குச் சொன்னது. தலையை ஆட்டாதீங்க சார், பந்து தானாப் போகும்.

“ரெடியா முனியப்பன்? பரவாயில்லையா?”

பரவாயில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

“பயமா இருக்கு மேடம்” என்றார். “போடுங்க.”