நுரையக்காவின் டர்போ கார்

ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் நுரையக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கட்டில் கட்டிலாக ஆக்சிஜன் கொண்டு போகும் குழாய்களைப் பொருத்துவது அவள் வேலை. எந்த இணைப்பைப் போட்டாலும் சோப்புத் தண்ணீரைத் தடவி, குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பாள். ஒரு குமிழி வந்தால் போதும், கழற்றி மறுபடி போடுவாள். "நல்லாத்தானேக்கா தெரியுது?" என்று யாராவது கேட்டால், "கண்ணு பொய் சொல்லும், நுரை சொல்லாது" என்பாள். இருபத்திரண்டு வருஷமாக இதே கதைதான்.

நாற்பத்தாறாவது வயதில் அவளுக்குக் கார் பைத்தியம் பிடித்தது. ஆஸ்பத்திரியின் கண் டாக்டர் ஒரு பழைய சிவப்பு டர்போ காரை ஓரங்கட்டி வைத்திருந்தார். சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. ஸ்டார்ட் செய்தால் குழந்தைகள் வார்டே எழுந்து அழும். காயலான்கடை விலைக்குக் கேட்டாள், விட்டால் போதும் என்று கொடுத்துவிட்டார். ஓட்டையை ஒட்டுப் போட்டு முதல்முறை ஆக்சிலேட்டரை அழுத்தியபோது, வண்டி ஒரு கணம் யோசித்தது. பிறகு டர்போ விசிலடித்துக்கொண்டு முதுகில் கைவைத்துத் தள்ளியது. அவள் ஓரமாக நிறுத்திவிட்டுத் தன்னந்தனியாகச் சிரித்தாள்.

ஊருக்கு வெளியே ஒரு பழைய விமான ஓடுதளம் சும்மா கிடந்தது. வருஷத்துக்கு ஒருநாள் அங்கே யார் வேண்டுமானாலும் தங்கள் காரைக் கொண்டுவந்து ஒரு கிலோமீட்டர் நேராக ஓட்டலாம். நேரம் குறித்துத் தருவார்கள். போன வருஷம் அவள் போனாள். கடைசிக்கு முந்தின இடம் கிடைத்தது. கடைசியாக வந்தவரின் வண்டி பாதி வழியில் நின்றுபோயிருந்தது.

இந்த வருஷம் அப்படி வரக்கூடாது என்று முடிவு செய்தாள். அவள் கணவர் சலூன் வைத்திருப்பவர். ஸ்கூட்டரில் முப்பதைத் தாண்டாத மனிதர். விஷயம் சலூனுக்குப் போனதும், முடி வெட்ட உட்கார்ந்தவர்களெல்லாம் எஞ்சினியர்கள் ஆகிவிட்டார்கள். ஆளுக்கொரு யோசனை. எல்லாவற்றையும் சுமந்துகொண்டு வந்தவர் கணவரின் தம்பி. டயர்க்கடைக்காரர், தலை வழுக்கை, வாய் மட்டும் நல்ல வளர்த்தி.

"அண்ணி, சைலன்சரைப் பெருசாக்கி, டர்போ அழுத்தத்தை ஏத்தி விட்டுருங்க. வண்டி பறக்கும்."

"பறக்கும். பின்னாடியே பிஸ்டனும் பறக்கும். காத்து கூடினா பெட்ரோலும் கூடணும் தம்பி. பெட்ரோல் பத்தலேன்னா சூடு ஏறி உள்ள உருகிடும். முதல்ல பெட்ரோலுக்கு வழி பண்ணுவோம்."

"சரி, அந்தப் புகையைச் சுத்தம் பண்ற டப்பாவையாவது கழட்டிடலாமே? வண்டி லேசாகும்."

"ஆக்சிஜன் குடுக்கிற கையால ஊருக்கே புகை ஊதச் சொல்றீங்களா?"

"அப்போ சத்தமாவது கொஞ்சம்..."

"சத்தம் வேணும்னா உங்க அண்ணன் தூங்கும்போது வந்து உக்காருங்க."

மூடிப்போன பால் தொழிற்சாலையின் எவர்சில்வர் குழாய்கள் எடைக்குக் கிடைத்தன. பட்டறையில், காரை விட்டுத் தள்ளி வைத்து, துண்டு துண்டாக வெட்டி வளைத்து, புகை போகும் புதுக் குழாயாக வெல்டிங் செய்தாள். மாட்டியபின், எஞ்சின் ஆறியிருக்கும்போது, சலூனில் முடி கூட்டும் வாக்குவம் கிளீனரைக் கொண்டுவந்து, அது காற்று விடும் பக்கத்தைச் சைலன்சர் வாயில் செருகி ஓடவிட்டாள்.

"ஏம்மா, நாளைக்கு நான் எதை வச்சுக் கடையைக் கூட்டுறது?" என்று கணவர் பதறினார்.

"விளக்குமாறு எங்கேயும் போகலைங்க."

எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீரைத் தெளித்தாள். கியர் பெட்டிக்கு மேலே, கை நுழையாத மூலையில், கடுகளவு குமிழி ஒன்று எட்டிப் பார்த்தது. அந்த வழியாக எஞ்சின் புகை காருக்குள் வந்தால் ஓட்டுகிறவருக்கே தெரியாமல் ஆளைச் சாய்த்துவிடும். முழுக் குழாயையும் இறக்கி, அந்த ஓர் அங்குலத்தை மறுபடி வெல்டிங் செய்தாள்.

பெட்ரோல் வேலையை வாசலில், திறந்த வெளியில், காலையில் வைத்துக்கொண்டாள். டேங்கிலிருந்து பெட்ரோலை ஏற்றும் பம்பின் ஃபியூஸைப் பிடுங்கி, எஞ்சின் தானாக அணையும் வரை ஓடவிட்டாள். குழாயில் இருந்த அழுத்தம் இறங்கியது. பேட்டரி வயரைக் கழற்றினாள். தீயணைப்பு சிலிண்டரைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்தாள். டயர்க்கடைக்காரரின் தீப்பெட்டியைப் பிடுங்கிப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டாள். மற்றதெல்லாம் பழையதாக வாங்கினாலும், பம்பும் ஹோஸும் கிளாம்ப்பும் புத்தம் புதிதுதான். எஞ்சினுக்குள் போகும் கலவையில் பெட்ரோல் போதுமா என்று காட்டும் ஒரு மீட்டரையும் ஸ்டியரிங் பக்கத்தில் பொருத்தினாள். தெரிந்த மெக்கானிக் ஒருவர் எஞ்சின் கம்ப்யூட்டரில் பெட்ரோல் அளவைத் திருத்திக் கொடுத்தார்.

போட்டிக்கு மூன்று நாள் இருக்கும்போது ஓடுதளத்தில் ஒத்திகை. மூன்றாவது கியரில் வண்டி சீறிக்கொண்டு எழும்பியது. அதே வேகத்தில் மீட்டர் முள்ளும், பெட்ரோல் போதவில்லை என்று, சிவப்புப் பக்கம் சாய்ந்தது. அவள் உடனே காலை எடுத்துவிட்டாள்.

"நல்லாத்தானே அண்ணி போச்சு!" பின்சீட்டில் இருந்த டயர்க்கடைக்காரருக்கு மனசு ஆறவில்லை. "ஒரே ஒரு ஓட்டம். அரை நிமிஷத்துல என்ன ஆகிடப்போகுது?"

"எஞ்சின் போக ரெண்டு செகண்டே அதிகம். இது சரியாகலேன்னா இந்த வருஷம் நாம வேடிக்கை பார்க்கிற கூட்டம்தான்."

சொல்லிவிட்டாளே தவிர, அன்று சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் விடுப்பு எடுத்து டேங்கிலிருந்து தொடங்கினாள். ஹோஸில் குறையில்லை, ஃபில்டரில் அடைப்பில்லை. எஞ்சின் ஓடும்போது பம்புக்கு வரும் கரண்டை அளந்தாள். பதிமூன்றரை வோல்ட் வரவேண்டிய இடத்தில் பத்துதான் வந்தது. புதுப் பம்பு பெரியது. பழைய வயரோ நூல் மாதிரி. யானைக்குச் சங்கில் தண்ணீர் காட்டினால் எப்படி? பேட்டரியிலிருந்து தடித்த வயர் இழுத்து, ஃபியூஸும் ரிலேயும் வைத்துக் கட்டினாள். மொத்தச் செலவு ஒரு நல்ல செருப்பின் விலை. சாயங்காலம் போய் ஓட்டிப் பார்த்தபோது முள் அசையவே இல்லை. காருக்குள்ளேயே கைதட்டினாள்.

போட்டியன்று, வண்டிகளைச் சோதிக்கும் அதிகாரி பாயை விரித்துக் காருக்கடியில் படுத்தார். ஐந்து நிமிஷம் ஆகியும் வெளியே வரவில்லை. அவள் குனிந்து கேட்டாள்.

"ஏதாவது தப்பாங்க?"

கீழேயிருந்து குரல் மட்டும் வந்தது. "இந்த வெல்டிங் யாருது?"

"என்னுதுதான்."

"எலேய், எல்லாரும் இங்க வாங்கடா! வெல்டிங்னா என்னன்னு வந்து பாருங்க!"

நாலைந்து பேர் வரிசையாகப் படுத்து எட்டிப் பார்த்தார்கள். புதுப்பெண்ணைப் பார்க்க வந்த கூட்டம் மாதிரி இருந்தது.

கொடி இறங்கியது. டர்போ விசிலடிக்க, சிவப்புக் கார் சீராக, வேறு சத்தமில்லாமல், அம்பாகப் போனது. முப்பத்தெட்டு வண்டிகளில் ஏழாவது இடம். டயர்க்கடைக்காரர் தானே ஓட்டின மாதிரி ஊரையே கட்டிப்பிடித்தார்.

மத்தியானத்துக்கு மேல் குடும்பத்தாரை ஏற்றி ஓட்டலாம் என்று அறிவித்தார்கள். கணவர் சீட் பெல்ட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்து, கண்ணை இறுக மூடிக்கொண்டார். எல்லைக் கோட்டைத் தாண்டி வண்டி மெதுவாகும்போதுதான் கண்ணைத் திறந்தார். அவர் வாய் காது வரை விரிந்திருந்தது.

"ஏம்மா, இன்னொரு தடவை போகலாமா? இப்போ கண்ணைத் திறந்துக்கிட்டே வர்றேன்."

நாலு தடவை போனார்கள். வீடு திரும்பும்போது அவள் ஐம்பதைத் தாண்டவில்லை. தண்ணி லாரி ஒன்று ஹாரன் அடித்து முந்திக்கொண்டு போனது.

"அவன் நம்மள முந்துறான் பாரு!" என்று கணவர் சீட்டில் துள்ளினார்.

"போகட்டுங்க, பாவம்" என்றாள் அவள்.