பரீட்சை அன்று வராண்டாவில் கேட்ட சத்தம்

பரீட்சை பாதியில் இருக்கும்போதே லேப்டாப் திரை பூட்டிக்கொண்டது. உங்கள் அறையில் வேறு குரல்கள் கேட்கின்றன, தேர்வு நிறுத்தப்படுகிறது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அவ்வளவுதான். கேமரா பக்கத்தில் எரிந்துகொண்டிருந்த சின்ன விளக்கும் அணைந்துவிட்டது. நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

வெளியே வராண்டாவில் அந்தக் குரல்கள் இன்னும் கேட்டுக்கொண்டே இருந்தன. காப்பியடிக்க யாரும் எனக்கு விடை சொல்லிக்கொண்டிருக்கவில்லை. எங்கள் சபை அக்காமார் எனக்காக ஜெபித்துக்கொண்டிருந்தார்கள்.

என் பெயர் எஸ்தர். நர்சிங் படித்தவள். அப்பா இறந்த பிறகு ஆண்டிமடம் பக்கமிருந்து அரியலூருக்கு வந்து, அம்மாவும் நானும் வாடகை வீட்டில் இருக்கிறோம். வேலை பெரம்பலூரில், ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில். தினமும் பஸ். அந்த வார்டுக்கு லாரி ஓடுகிற ரோட்டோர ஊர்களிலிருந்து அதே பிள்ளைகள் அதே இழுப்போடு திரும்பத் திரும்ப வரும். மருந்துப் புகை வைப்போம், மூச்சு சீராகும், அனுப்பிவிடுவோம். கொஞ்ச நாளில் மறுபடி அதே பிள்ளை, அதே அம்மா இடுப்பில். "என்னா சிஸ்டர், மறந்துட்டீங்களா? நாங்கதான் வந்துருக்கோம்" என்று அந்த அம்மா சொந்தக்காரர் வீட்டுக்கு வந்ததுபோல் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

பிள்ளை படுக்கைக்கு வந்த பிறகு பார்ப்பது ஒரு வேலை. வராமலே இருக்க என்ன செய்யலாம் என்று யோசிக்கவும் ஒரு படிப்பு இருக்கிறது என்று தெரிந்தபோது என்னால் சும்மா உட்கார முடியவில்லை. பொது சுகாதாரத்தில் முதுகலை. முழுக்க ஆன்லைன். பல்கலைக்கழகம் வேறு மாநிலத்தில். எனக்கு எதையும் ஆறப்போட்டுப் பழக்கமில்லை. கேள்விப்பட்ட வாரமே சேர்ந்துவிட்டேன்.

சேர்ந்தது சுலபம். அதற்கப்புறம் நடந்ததெல்லாம் அலுப்பு. பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு வகுப்பு கேட்பேன். பாதி வழியில் சிக்னல் போய்விடும். மறுபடி வரும்போது சார் அடுத்த பாடத்துக்குப் போயிருப்பார். வார்டில் நின்ற கால் வீட்டுக்கு வந்தும் வலிக்கும். சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டே அசைன்மென்ட் எழுதுவேன். லீவு நாளில் ஆய்வுக்காக வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பேன். இப்படியே ரெண்டு வருஷம். அம்மா என் முகத்தைப் பார்த்து, "நீ அந்த ஆஸ்பத்திரில நர்ஸா, இல்ல பேஷன்டா?" என்பார். அம்மா கிண்டல் செய்வதோடு சரி. வாய்விட்டு எதையும் சொல்லி அழுகிற ஆள் இல்லை. ஜெபக்கூட்டத்திலும் எல்லோரும் சத்தமாக ஜெபிக்கும்போது அம்மாவின் உதடு மட்டும்தான் அசையும். அப்பா அடக்கத்தன்றுகூட அப்படித்தான்.

போன வருஷம் மழைக்காலத்தில் கடைசித் தாள் வந்தது. நோய் எப்படிப் பரவுகிறது, யாருக்கு ஏன் வருகிறது என்று கணக்குப் போடுகிற பாடம். அதை எழுதிவிட்டால் படிப்பு முடிந்தது. ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று, "வர்ற வெள்ளிக்கிழமை மதியம் எனக்குக் கடைசிப் பரீட்சை. வூட்லேருந்தே கம்ப்யூட்டர்ல எழுதறேன். ஜெபத்துல ஞாபகம் வச்சுக்கோங்க" என்று சொன்னேன். இதில் என்ன தப்பு இருக்கிறது? எல்லோரும் சொல்வதுதான்.

எங்கள் சபைப் பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. யாருக்காவது ஆபரேஷன் என்றால் வீட்டில் இருந்து ஜெபிக்க மாட்டார்கள். தியேட்டர் வாசலுக்கே போய் உட்கார்ந்துவிடுவார்கள். பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வு என்றால் பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே. கடைசி மணி அடிக்கும் வரை தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். இதற்கெல்லாம் தலைவி பாக்கியக்கா. தையல் கடை வைத்திருக்கிறார். மெஷின் சத்தத்தை மீறிப் பேசிப் பேசி அவர் குரலே ஒரு மைக் மாதிரி ஆகிவிட்டது. என் நர்சிங் பரீட்சைக்கும் அவர்தான் காலேஜ் வாசலில் வெயிலில் நின்றார்.

இப்போது பரீட்சை ஹால் எது? என் வீடு. அப்படியென்றால் கேட் எது? என் வீட்டு வராண்டா. அவர்கள் கணக்கு சரிதான்.

ஆள் பேச்சு கேட்கக் கூடாது என்று அம்மாவிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். அம்மா டிவியை நிறுத்தினார். மிக்ஸியைத் தொடவில்லை. செல்லை அணைத்து அரிசிப் பானைக்குள் வைத்தார். காய்கறி வண்டிக்காரரைத் தெரு முனையிலேயே மறித்து, "இன்னைக்கு எங்க வாசல்ல கூவாதீங்க, பாப்பாவுக்குப் பரீட்சை" என்று அனுப்பிவிட்டார். ஆனால் அக்காமார் வந்து செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனை மாதிரி வராண்டாவில் உட்கார்ந்தபோது, அம்மா பாயைப் போட்டுத் தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ஜெபத்தைப் பேச்சுக் கணக்கில் சேர்க்க அம்மாவுக்குத் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் தோன்றியிருக்காது.

முதலில் மெதுவாகத்தான் ஆரம்பித்தார்கள். ஆனால் பாக்கியக்காவால் எவ்வளவு நேரம் மெதுவாக ஜெபிக்க முடியும்? திரையில் முதல் எச்சரிக்கை வந்தது. எழுந்து போய்ச் சொல்ல முடியாது, கேமராவை விட்டு விலகக் கூடாது. கூப்பிடவும் முடியாது, என் வாயும் அசையக் கூடாது. ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணால் ஜாடை காட்டப் பார்த்தேன். பார்வை விலகுகிறது என்று இன்னொரு எச்சரிக்கை. அப்போது வெளியே எல்லோரும் ஒரே நேரத்தில் சத்தமாக ஜெபித்தார்கள். எனக்கு ஒரே இரைச்சலாகத்தான் கேட்டது. திரை பூட்டிக்கொண்டது.

கதவைத் திறந்தேன். முக்காடு போட்ட முகங்கள் எல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்தன.

"அதுக்குள்ள முடிச்சுட்டியா பாப்பா?" என்றார் பாக்கியக்கா. "பாருங்கடி, அரை நேரத்துலயே எழுதி முடிச்சுட்டா. நாங்க விடவே இல்ல, தொண்டை கட்டிப்போச்சு."

"முடிஞ்சுதுக்கா" என்று மட்டும் சொன்னேன். எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் மெயில் வந்தது. தேர்வில் வெளியாட்கள் உதவியதாகச் சந்தேகம். குழு விசாரிக்கும். நிரூபணமானால் என்னைப் படிப்பிலிருந்தே நீக்குவார்கள். ரெண்டு வருஷமும் போச்சு. விளக்கம் எழுதி அனுப்பினேன். வாசலில் உட்கார்ந்து ஜெபித்தார்கள் என்று எழுதினால் யார் நம்புவார்கள்? எனக்கே அதைப் படிக்கும்போது சாக்குப்போக்கு மாதிரி இருந்தது.

அந்த நாட்களில் என்னால் ஜெபிக்க முடியவில்லை. கோபம்கூட இல்லை. கோபப்படுவதற்கும் தெம்பு வேண்டும். ஆண்டவரே, உம்மிடம் பேசியவர்களால்தானே எனக்கு இது வந்தது, இனி நான் உம்மிடம் என்ன பேச? அதோடு நின்றுவிடும். வார்டில் ஊசி போடுவேன், பஸ்ஸில் தூங்காமல் கண்ணை மூடியிருப்பேன், வீட்டுக்கு வருவேன்.

அம்மா விஷயத்தை என்னிடமிருந்து பிடுங்கிவிட்டார். அம்மாவிடமிருந்து பாக்கியக்காவுக்குப் போனது. மறுநாள் சாயந்திரம் கடையை அப்படியே போட்டுவிட்டு, கழுத்தில் தொங்கும் இஞ்ச் டேப்போடு வந்து நின்றார்.

"நாங்களா பாப்பா உன் பொழப்பைக் கெடுத்தோம்?"

"இல்லக்கா."

"பொய் சொல்லாத. டீ வேற போட்டுக் குடுத்த. ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்ல?" அழுதுகொண்டே சொன்னார். "எனக்கு மனசுக்குள்ள ஜெபிக்க வராது பாப்பா. சத்தம் போட்டாத்தான் அவருக்குக் கேக்கும்னு ஒரு இது."

"அவருக்கு நல்லாக் கேட்டுச்சுக்கா. கம்ப்யூட்டருக்கும் கேட்டுடுச்சு" என்றேன். அவருக்கும் எனக்கும் சேர்ந்து சிரிப்பு வந்தது. பல நாள் கழித்து வந்த சிரிப்பு.

விசாரணைக்கு முந்தின நாள் பெரம்பலூரிலிருந்து திரும்புகிற பஸ்ஸில் உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்து நின்றபடியே ஒரே ஒரு ஜெபம் செய்தேன். எனக்குப் பேசித் தீர்க்கத் திறமை இல்லை, ஆண்டவரே. அந்தச் சத்தம் என்னவென்று அவர்களுக்குக் கேட்கும்படி செய்யும். அவ்வளவுதான். ஆமென் சொல்வதற்குள் என் ஸ்டாப் வந்துவிட்டது.

மறுநாள் மதியம் விசாரணை, அதே லேப்டாப்பில். அம்மா சமையற்கட்டு வாசலில் நின்றார். திரையில் குழுவில் இருந்தவர்கள் ஆங்கிலத்தில் பேசினார்கள். ஒரு சார் மட்டும் கறாராக, "பல குரல்கள் ஒரே நேரத்தில் பேசுகின்றன. விடைகள் சொல்லப்படவில்லை என்று நாங்கள் எப்படித் தெரிந்துகொள்வது?" என்று கேட்டார். அதுவரை பேசாமல் ஓரத்துக் கட்டத்தில் இருந்த நரைத்த தலை மேடம் ஒருவர், அன்றைய பதிவை முழுக்கப் போடச் சொன்னார். போட்டார்கள். கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு தமிழில் பேசினார். நம் பக்கத்துத் தமிழ்.

"என்னம்மா, இது ஜெபமா?"

"ஆமாங்க மேடம். எங்க சபை அக்காங்க."

"பரீட்சை நேரத்துலயா வந்து ஜெபிப்பாங்க?"

"அப்பத்தான் மேடம் வருவாங்க."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மற்றவர்களுக்கு வரிக்கு வரி ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினார். தகப்பனே, பாப்பா படிச்சதெல்லாம் ஞாபகத்துக்கு வரட்டும். கரண்ட் போகக் கூடாது தகப்பனே. இடையில் பாக்கியக்காவின் குரல் ஓங்கியது. "பேப்பர் திருத்துற சாருங்க, மேடமுங்க எல்லாரையும் ஆசீர்வதியும். உக்காந்து உக்காந்து அவங்க இடுப்பு நோவாம பாத்துக்கும். அவங்க வூட்டுப் பிள்ளைங்களுக்கு நல்ல சுகத்தைத் தாரும்."

மேடம் அதையும் சொன்னார். கறாரான சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்கு இடுப்பு வலி இருக்குதான்" என்றார் மேடம் தமிழில்.

அந்தக் கடைசி இரைச்சலுக்குச் சற்று முன்னால், அக்காமார் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில், ஒரு குரல் தனியாகக் கேட்டது. அன்று எச்சரிக்கையைப் பார்த்த பதற்றத்தில் நான் கவனிக்காத குரல். கரகரப்பான, பழக்கமில்லாத குரல். "சாமி, பாப்பா சரியாத் தூங்கி ரொம்ப நாளாச்சு. பாஸாவறது உம்ம இஷ்டம். அவளுக்குக் கொஞ்சம் தூக்கத்தைக் குடும்."

அம்மாவின் குரல். சமையற்கட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தேன். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்.

மேடம் இந்த வரியை மட்டும் மற்றவர்களுக்குச் சொல்லவில்லை. "இது உனக்கு மட்டும்தாம்மா" என்றார். பிறகு, முடிவை மெயிலில் அனுப்புகிறோம் என்று ஆங்கிலத்தில் சொல்லி முடித்தார்கள்.

திரை இருண்டது. முடிவு என்ன என்று தெரியாது. ஆனாலும் அம்மா விரித்த பாயில் அப்படியே சாய்ந்தேன். எப்போது தூங்கினேன் என்று எனக்கே தெரியவில்லை. அம்மா எழுப்பவில்லை. மறுநாள் வெயில் முகத்தில் அடித்தபோதுதான் எழுந்தேன். அன்று நான் வார்டுக்கு வர மாட்டேன் என்று அம்மாவே போன் போட்டுச் சொல்லியிருந்தார்.

முடிவு பிறகுதான் வந்தது. என்மேல் குற்றமில்லை என்று எழுதியிருந்தார்கள். ஆனால் பாதியில் நின்ற தாளை மறுபடி எழுத வேண்டும், அது விதி. ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சாட்சி சொல்ல மாட்டேன். மறுபடியும் படித்தேன், மறுபடியும் அலுத்தேன். இந்தத் தடவை ஆஸ்பத்திரியில் காலியாக இருந்த மீட்டிங் அறையில் எழுதினேன்.

"அன்னைக்கு நாங்க எங்க பாப்பா உக்காரணும்?" என்று பாக்கியக்கா முன்கூட்டியே வந்து கேட்டார்.

"அரியலூர்லயே உக்காருங்கக்கா."

"பெரம்பலூர் வரைக்கும் கேக்குமா?"

"உங்க குரல் கேக்கும்."

தேறிவிட்டேன். இப்போதும் அதே வார்டுதான், அதே பஸ்தான். ஆனால் மாதம் ஒரு நாள் லாரி ரோட்டோர வீடுகளுக்குப் போகிறேன், தூசி வராமல் பிள்ளைகளை எங்கே படுக்க வைக்கலாம், இழுப்பு வந்தால் எப்போது ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட வேண்டும் என்று பேச. அக்காமார் கூடவே வருகிறார்கள். ஒவ்வொரு வீட்டுக் கதவையும் பாக்கியக்காவின் குரல் திறந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை நான் லேப்டாப்பைத் திறப்பதில்லை. ஆராதனையில் அம்மா இப்போது ஒன்றிரண்டு வார்த்தை வாய்விட்டு ஜெபிக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்தால் கேட்கும்.

நியாயத்துக்காக நான் கேட்ட ஜெபத்தை ஆண்டவர் கேட்டார். அவருக்கு நன்றி. ஆனால் அம்மா கேட்டதைத்தான் அவர் முதலில் கொடுத்தார். மெயில் வருவதற்கு முன்னாலேயே கொடுத்துவிட்டார்.

இதை வாசிக்கிற உங்களில் யாராவது என்னைப்போல் அலுத்துப்போய், ஜெபிக்கக்கூட முடியாமல் இருக்கலாம். முடியாவிட்டால் பரவாயில்லை. உங்கள் கஷ்டத்தை நாலு பேரிடம் சொல்லிவையுங்கள். உங்கள் வாசலில் வந்து உட்கார ஆண்டவர் ஆள் அனுப்புவார். அவர்கள் கொஞ்சம் சத்தமாகத்தான் ஜெபிப்பார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தூங்கலாம்.